குற்றாலத்து அருவியைத் திட்டுறதை நிறுத்துங்க

சாரல் ஆரம்பிச்சாச்சு. இனி ரெண்டு மாசத்துக்கு உங்க டைம்லைன்ல ரெண்டு வகை வீடியோ வரும். ஒண்ணு ஐந்தருவிக் கூட்டம். இன்னொண்ணு, மனநிலை சரியில்லாத ஒரு பையனை நாலு பேர் பிடிச்சு அருவிக்குக் கீழே நிறுத்தியிருக்கிற வீடியோ. மேலே 'இந்தக் காலத்துலயும் இப்படியா' என்று ஒரு வரி இருக்கும். கீழே வரிசையா வசவு. அதில் நிறைய டாக்டர்கள்.

முக்கியமா அந்த டாக்டர்களுக்குத்தான் இந்த இழை. ஆனா பொதுமக்கள் நீங்களும் படிக்கணும், ஏன்னா கடைசியில மாட்டிக்கிறது நீங்கதான். நீளமாப் போகும், ஒரு டீயோட உட்காருங்க.

நான் மனநல மருத்துவர். ஒரு மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஊர் தென்காசிப் பக்கம். மாணவர்களையும் பார்க்கிறேன், எங்க ஊர்க்காரங்களையும் நோயாளியாப் பார்க்கிறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துத்தான் இதைச் சொல்றேன்.

எங்க ஊர்ல மனசு சரியில்லாத ஒருத்தர் என்கிட்ட தாமதமா வந்து சேர்றதுக்கு அருவி முக்கியக் காரணம் இல்லை. கோயிலும் இல்லை, தர்காவும் இல்லை. முக்கியக் காரணம் நம்ம எம்.பி.பி.எஸ். படிப்பு.

கோபம் வருதுன்னா வரட்டும். முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

ஒரு அக்கா. பீடி சுத்துறவங்க. அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன். ஏழெட்டுப் பேர் கதையை ஒண்ணாக்கினதுன்னு வச்சுக்கோங்க. கையில ஒரு கட்டப்பை. உள்ளே மூணு இ.சி.ஜி., ஒரு எண்டோஸ்கோபி, தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன், தைராய்டு டெஸ்ட் நாலு தடவை. எல்லாம் நார்மல். சீட்டுகள்ல பி காம்ப்ளெக்ஸ் ஊசி, வாய்வு மாத்திரை, 'நரம்புத் தளர்ச்சி'க்கு டானிக். கூடவே ஒரு அரை மாத்திரை அல்பிரசோலம், ஒன்றரை வருஷமா தினமும் ராத்திரி.

"எத்தனை டாக்டரைப் பாத்தீங்க?"

"ஆறேழு பேரு இருக்கும் சார். எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதாவ. ஒண்ணுமில்லன்னா எனக்கு ஏன் சார் இப்படி வருது?"

"அருவிக்கும் போனீங்களா?"

"ஆமா, ஆடி அமாவாசைக்கு மாமியா கூட்டிட்டுப் போனாவ. அன்னைக்கு ஒரு ராத்திரிதான் நல்லா ஒறங்குனேன்."

விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு. சாப்பாடு இறங்கல. பேரப்பிள்ளையைத் தூக்கக்கூட மனசு வரல. உயிரோட இருந்து என்ன ஆகப்போகுதுங்கிற நினைப்பு. எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் மனச்சோர்வு நோய்க்கு முதல் பக்கத்துல இருக்கிற விஷயங்கள் இவை. ஆறேழு டாக்டர்ல ஒருத்தர்கூட 'தூக்கம் எப்படி, மனசு எப்படி' என்று கேட்கவில்லை. ஒரு மலிவு விலை மாத்திரை கொடுத்தேன். அது வேலை செய்யத் தொடங்க மூணு வாரம் ஆச்சு. ரெண்டு மாசத்துல பீடித்தட்டை மறுபடி எடுத்தாச்சு. அல்பிரசோலத்தை விடவைக்கத்தான் அதைவிட அதிக நாள் பிடிச்சுது. சில வாரங்களுக்கு மேல தினமும் சாப்பிட்டா பழக்கமாகிப் பிடிச்சுக்கிற மருந்து அது.

இப்போ கணக்குப் போடுங்க. அருவி எடுத்துக்கிட்டது ஒரு நாளும் பஸ் காசும். படிச்ச டாக்டர்கள் எடுத்துக்கிட்டது ஒன்றரை வருஷமும் அந்தக் கட்டப்பையும். ஆயிரம் பீடிக்கு என்ன கூலின்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பையோட கனம் புரியும்.

உடனே 'அப்போ அருவியில குளிச்சா சரியாகும்னு சொல்றியா'ன்னு ஒருத்தர் வருவார். இல்லை. அருவி மனச்சிதைவைக் குணப்படுத்தாது. இருமுனைக் கோளாறைக் குணப்படுத்தாது. விருப்பமில்லாத ஒரு ஆளைப் பிடிச்சுத் தண்ணிக்குக் கீழே நிறுத்துறது கொடுமை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனா தலையில தண்ணி கொட்டிப் பைத்தியத்தைத் தெளியவைக்கிறது எங்க ஊர்ப் பாட்டிகள் மட்டும் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சு சிரிக்கிறீங்க பாருங்க, அதுதான் சரியில்லை. 1725-ல் பாட்ரிக் பிளேர் என்ற மருத்துவர், இங்கிலாந்தில், உயரத்திலிருந்து தண்ணீரை விழவைத்து மனநோயைக் குணப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். கணவனோட வாழப் பிடிக்காத ஒரு பெண்ணைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, இனி ஒழுங்கா வாழறேன்னு சொல்ற வரைக்கும் மேலேயிருந்து தண்ணி கொட்டவிட்ட கதை அதில் இருக்கு. அவர் சாமியார் இல்லை, படிச்ச டாக்டர். ஐரோப்பிய மனநலக் காப்பகங்கள்ல குளிர்ந்த நீர் சிகிச்சை அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு. நம்ம துறையோட தாத்தா அவர்தான். குற்றாலத்துப் பாட்டியைச் சிரிக்கிறதுக்கு முன்னால அவரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.

கோயில் விஷயமும் அப்படித்தான். சங்கரன்கோவில்ல கோமதி அம்மன் சன்னதி முன்னால இருக்கிற சக்கர பீடத்துல மனசு சரியில்லாதவங்களை உட்காரவைப்பாங்க. பொட்டல்புதூர் தர்காவுக்கு எல்லா சாதி, எல்லா மதத்துக்காரங்களும் கூட்டிட்டு வருவாங்க. அங்க யாரும் 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்றதில்லை. 'ஏதோ இருக்கு, சரியாயிடும், இங்க உட்காருங்க' என்று சொல்றாங்க. காரணம் தப்பா இருக்கலாம். ஆனா நோயாளி சொல்றதை நம்பிட்டாங்க. நம்ம ஓ.பி.யில ரெண்டு நிமிஷத்துல நடக்காதது அது.

2002-ல் பி.எம்.ஜே. இதழில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் அவர் குழுவும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முத்துசாமி கோயில் என்ற கோயிலில் வந்து தங்கியிருந்த 31 பேரைப் பார்த்தாங்க. பெரும்பாலும் தீவிர மனநோய் உள்ளவங்க. தனியா மருந்தும் இல்லை, பெரிய சடங்கும் இல்லை. கூடவே வீட்டு ஆள் ஒருத்தர், கோயில் வேலையில கொஞ்சம் பங்கு, அடிதடி கிடையாது, அவ்வளவுதான். நோய்க்குறி மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்தது. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. அதனால கோயிலே போதும்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அடிக்காம, கட்டிப்போடாம, மனுசனா நடத்தினாலே ஒரு பகுதி நல்லாகும்னு அர்த்தம். அதை நம்ம வார்டுல செய்ய யார் தடுத்தது?

சங்கிலி விஷயத்துல மட்டும் நான் ஒரு அடி விட்டுக்கொடுக்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகையில் விடியக்காலம் தீப்பிடித்தது. 28 பேர் செத்தாங்க. பலரை சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியலை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதுன்னு சொல்லுது. சாமி பேரைச் சொன்னாலும் குற்றம் குற்றம்தான். எங்கேயாவது பார்த்தா போலீஸ்ல சொல்லுங்க. அந்த நோயாளியை மீட்டுப் பாதுகாக்கிற கடமை சட்டப்படி போலீசுக்கு உண்டு.

சரி, இப்போ நான் பேச வந்த விஷயம். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷப் படிப்பு. கண்ணுக்குத் தனிப் பரீட்சை உண்டு. காது மூக்கு தொண்டைக்குத் தனிப் பரீட்சை உண்டு. சட்ட மருத்துவத்துக்கு, பிணக்கூறாய்வு எல்லாம் சொல்லிக்கொடுக்கிற பாடத்துக்கு, தனிப் பரீட்சை உண்டு. மனநலத்துக்கு? கிடையாது. பொது மருத்துவத் தாள்ல தோல் நோயோட சேர்த்து ஒரு ஓரம். ஒருத்தர் செத்த பிறகு எப்படிச் செத்தார்னு பார்க்கத் தெரியலைன்னா ஃபெயில். சாகணும்னு நினைச்சுக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கிறவரைக் கண்டுபிடிக்கத் தெரியலைன்னா பாஸ்.

1997 விதிமுறைப்படி வார்டுப் பயிற்சி ரெண்டு வாரம். நாலரை வருஷத்துல பதினாலு நாள். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் நாட்கள் கூடியிருக்கு. பயிற்சி மருத்துவர் வருஷத்துல ரெண்டு வாரம் மனநலத்துறையில கட்டாயம் இருக்கணும்னும் வந்திருக்கு. நல்ல விஷயம், மறுக்கலை. ஆனா பாஸ் ஃபெயில் இல்லாத பாடத்துக்கு நம்ம நாட்டுல என்ன மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல நீதிபோதனை வகுப்பு ஞாபகம் இருக்கா? கணக்கு வாத்தியார் வந்து எடுத்துக்குவாரே, அதேதான்.

பசங்க மேல தப்பில்லை. முதல் நாள் மனநல வார்டுக்குள்ள வரும்போது பயமும் அசட்டுச் சிரிப்பும் கலந்து கதவு ஓரமா நிப்பாங்க. மூணாவது நாள் அதுல ரெண்டு பேர் நோயாளி பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்துடுவாங்க. ஒரு பொண்ணு வந்து, 'சார், அவர் காதுல கேக்குற குரல் தமிழ்லயா பேசுது?'ன்னு கேட்டுச்சு. எவ்வளவு நல்ல கேள்வி! அங்கேதான் மனநல மருத்துவமே ஆரம்பிக்குது. அதுக்குள்ள போஸ்டிங் முடிஞ்சிடும். கடைசி நாள் மொத்த பேட்சும் கேட்கிறது ஒண்ணுதான்: 'சார், இதுல எக்ஸாமுக்கு என்ன வரும்?' நான் என்ன பதில் சொல்ல? ஒரு குறுவினா வரலாம், வராமலும் போகலாம்.

பயிற்சி மருத்துவர் வருஷமா? முதுநிலை நீட் புத்தகம் மேசைக்கு அடியில. அவங்க எதிர்காலம் அதுல இருக்கு. நானே அவங்க வயசுல இருந்தா அதைத்தான் படிப்பேன்.

இதுல எனக்கு ரொம்பவே உறுத்துற விஷயம் ஒண்ணு. நல்லாப் படிக்கிற பிள்ளைகளுக்கு 'சூயிசைடல் ஐடியேஷன்' என்று எழுதத் தெரியும். 'அன்ஹிடோனியா'வுக்கு வரையறை ஒப்பிப்பாங்க. ஆனா ஆலங்குளத்துல இருந்து வந்த ஒரு அத்தைகிட்ட உட்கார்ந்து அதையே தமிழ்ல கேளுன்னா வாய் வராது. 'உங்களுக்குத் தற்கொலை எண்ணம் உள்ளதா?'ன்னு நியூஸ் வாசிக்கிற மாதிரி கேட்பாங்க. அத்தை பதறிப்போய் 'சேச்சே, இல்லய்யா'ன்னுடும். 'இப்படிப் படுத்தா எடுத்தா கஷ்டமா இருக்கும்போது, காலையில முழிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுதாம்மா?' என்று கேட்டுப் பாருங்க. அப்போ அந்த அத்தை அழும். அழுதுட்டுச் சொல்லும்.

சாவைப் பத்திக் கேட்டா இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடும்னு நிறைய டாக்டர்களே நம்புறாங்க. தப்பு. கேட்கிறதால ஆபத்து கூடுறதில்லைன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியாச்சு. கேட்டவுடனே பாதிப் பாரம் இறங்கினவங்களை நான் தினமும் பார்க்கிறேன்.

எங்க ஊர் ஜனங்க 'எனக்கு மனச்சோர்வு'ன்னு சொல்லிட்டு வரமாட்டாங்க. நெஞ்சு படபடன்னு அடிக்கும்பாங்க. ஈரக்குலை நடுங்குதும்பாங்க. தலைக்குள்ள எறும்பு ஊருதும்பாங்க. கை கால் வெலவெலத்துப் போகுது, உடம்பெல்லாம் எரியுது. இந்தச் சொற்களை எந்த இங்கிலீஷ் பாடப்புத்தகமும் சொல்லித்தராது. எங்க பக்கத்துல 'கோட்டி'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. 'ஏலே கோட்டிக்காரப் பயலே'ன்னு பாசமாவும் சொல்லுவாங்க. அதையே ஒரு அம்மா குரலைத் தாழ்த்தி, 'எனக்குக் கோட்டி புடிச்சிருமோன்னு பயமா இருக்கு சார்'னு சொன்னா அது வேற. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு மாணவன் நோயாளிகளோட நாள்கணக்கா உட்காரணும். பரீட்சை இருந்தா உட்காருவான், இல்லைன்னா உட்கார மாட்டான். கசப்பான உண்மை, ஆனா இதுதான் நிலவரம்.

'சரி, ஒரு அக்காவுக்கு ஒன்றரை வருஷம் வீணாச்சு, அதுக்கு இவ்வளவு கத்தணுமா'ன்னு கேட்கிறீங்களா? உயிர் போற இடத்தையும் சொல்றேன்.

சீசன்ல குற்றாலத்துக்குக் குடிக்கன்னே வர்ற கூட்டம் ஒண்ணு உண்டு. அதுல ஒருத்தர் பாறையில வழுக்கிக் கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில சேர்றார்னு வைங்க. பல வருஷமா தினமும் குடிக்கிறவர். வார்டுல குடி கிடைக்காது. ரெண்டாவது நாள் கை நடுங்கும், வேர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும். மூணாவது நாள் ராத்திரி சுவத்துல பூச்சி ஊருதுன்னு சொல்லிக் கட்டுப்போட்ட காலோட எழுந்து ஓடப் பார்ப்பார். வார்டே சொல்லும்: 'பைத்தியம் பிடிச்சிடுச்சு.' கையைக் காலைக் கட்டிப்போட்டு குளுக்கோஸ் ஏத்துவாங்க. இது பைத்தியம் இல்லை. குடியைத் திடீர்னு நிறுத்தினதால வர்ற மூளைக் குழப்பம். சிகிச்சை தரலைன்னா உயிரே போகும். டயாசிபம் அல்லது லோராசிபம் வகை மருந்து தரணும். குளுக்கோஸுக்கு முன்னால தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசி போடணும். இல்லைன்னா மூளையில நிரந்தரச் சேதம் வரலாம். எந்த வட்டார மருத்துவமனையிலும் இருக்கிற மருந்துகள் இவை.

கவனிச்சீங்களா? பீடி சுத்துற அக்காவுக்கு வேண்டாத இடத்துல ஒன்றரை வருஷம் கொடுத்தது இதே குடும்பத்து மருந்துதான். உயிரைக் காப்பாத்த வேண்டிய இடத்துல கொடுக்க பயம். தெரிஞ்சுக்க வேண்டியதைத் தெரிஞ்சுக்காம வெளியே அனுப்பினா இப்படித்தான் ஆகும்.

அடுத்து, தோட்டத்து மருந்தைக் குடிச்சிட்டு வர்றவங்க. அவங்களைப் பிழைக்கவைக்கிறதுல நம்ம அரசு மருத்துவமனைகளை அடிச்சுக்க ஆளில்லை. வயித்தைக் கழுவி, மாத்து மருந்து ஏத்தி, வென்டிலேட்டர்ல வச்சு, ராத்திரி பகலா ஒரு உயிரை இழுத்துட்டு வர்றாங்க. அந்தப் பிள்ளைகளைக் கும்பிடலாம். ஆனா பத்தாவது நாள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்க. பூச்சி மருந்து பேர் இருக்கும், கொடுத்த ஊசி எல்லாம் இருக்கும். ஏன் குடிச்சாங்கங்கிறதுக்கு ஒரு வரி இருக்காது. மனநல மருத்துவர் பார்த்தாச்சான்னு பல சீட்டுல இருக்காது. ஒரு தடவை முயற்சி பண்ணினவங்கதான் மறுபடி முயற்சி பண்ண அதிக வாய்ப்புள்ளவங்க. அதுவும் வீட்டுக்குப் போன முதல் சில மாசங்கள்ல. வீட்டுல அதே பிரச்சினை. தோட்டத்து ஷெட்டுல அதே டப்பா.

இது நல்லெண்ணத்தைப் பொறுத்த விஷயமே இல்லை, சட்டம். 2017 சட்டம் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதணும், தண்டிக்கக்கூடாது, மறுபடி நடக்காமலிருக்க சிகிச்சையும் பராமரிப்பும் கொடுக்கிறது அரசோட கடமைன்னு சொல்லுது. 2024 ஜூலை 1 முதல் பழைய 309-ஆம் பிரிவும் புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரை வேலை செய்யவிடாம மிரட்ட முயற்சி பண்ணினால் மட்டும்தான் குற்றம். இதை எத்தனை மருத்துவ அதிகாரிகள் படிச்சிருக்காங்க? இன்னமும் 'கேஸ் ஆயிடும்'னு பயந்து 'தவறுதலாக் குடிச்சிட்டா'ன்னு எழுதச் சொல்ற குடும்பங்கள் இருக்கு. அப்படி எழுதின நிமிஷமே மனநல சிகிச்சைக்கான கதவு சாத்திடுது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலை 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம். ஒரு வருஷத்துல, ஒரு மாநிலத்துல. இந்த எண்ணிக்கையில ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இருக்கு, அதுக்கு எம்.பி.பி.எஸ்.ல தனி மார்க் கிடையாது. சத்தமா ஒரு தடவை சொல்லிப் பாருங்க, எப்படிக் கேக்குதுன்னு.

'மனநல மருத்துவர்கள் எண்ணிக்கையைக் கூட்டுங்க, எம்.பி.பி.எஸ். பையனை ஏன் போட்டு வறுக்கிறீங்க'ன்னு சக மருத்துவர்கள் கேட்பாங்க. கூட்டட்டும், சந்தோஷம். இந்தியாவுல லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர், அதாவது 0.75, என்று 2019 வாக்கில் ஒரு மதிப்பீடு வந்தது. தென்காசி மாவட்டத்துல 2011 கணக்குப்படியே சுமார் 14 லட்சம் பேர். மதிப்பீட்டுப்படி பத்துப் பேர் கிடைப்போம்னு வைங்க. 2015-16 தேசிய மனநல ஆய்வு, பெரியவங்கள்ல 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்குன்னு சொல்லுது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே எட்டாம இருக்காங்கன்னும் சொல்லுது. பத்துப் பேர் ராத்திரி பகலாப் பார்த்தாலும் தீருமா? சர்க்கரையை யார் பார்க்கிறாங்க? பிரஷரை யார் பார்க்கிறாங்க? பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்து எம்.பி.பி.எஸ். டாக்டர்தானே? அவர் கைமீறினா மேல அனுப்புறார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் குடிக்கும் அதேதான் வழி. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல் நாலு மாவட்டத்துல தொடங்கினப்போ அதுல திருச்சியும் ஒண்ணு. அன்னைக்கே இதுதான் யோசனை. யோசனை நல்லாருக்கு, வேலை செய்யவேண்டிய டாக்டரைத் தயார் பண்ணலை.

'ஏற்கெனவே சுமை அதிகம், இன்னொரு பரீட்சையா'ன்னு இன்னொரு வாதம். இலங்கையைப் பாருங்க, அமெரிக்கா வரைக்கும் போகவேண்டாம். அங்கே இறுதி எம்.பி.பி.எஸ். தேர்வுல பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, இதோட மனநல மருத்துவமும் தனிப் பாடம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். குண்டு விழுந்துகிட்டிருந்த காலத்துல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவம் கற்பித்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர் மனசுல என்ன செய்ததுன்னு அங்கே உட்கார்ந்தே எழுதினார், 1998-ல் புத்தகமா வந்தது. அங்கே முடிஞ்சது இங்கே முடியாதா? இந்திய மனநல மருத்துவர் சங்கமும் தனித்தேர்வை வருஷக்கணக்கா கேட்டுட்டுத்தான் இருக்கு.

இதுல உச்சக்கட்டக் கூத்து ஒண்ணு. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவ மாணவர்களோட மனநலம் பத்தி ஒரு பணிக்குழு போட்டு அறிக்கை வெளியிட்டது. ஆய்வில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்கள்ல 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாச் சொன்னாங்க. 16.2 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருக்கு. ஆணையமே போட்ட குழு, ஆணையமே வெளியிட்ட எண். அதே ஆணையம்தான் எது தனிப் பாடம், எது இல்லைன்னு முடிவு பண்றதும். தன் வகுப்புல பக்கத்துப் பெஞ்சுல இருக்கிறவனுக்கு என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்கக்கூட நாம அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலை.

தென்காசிக்கு மருத்துவக் கல்லூரி வேணும்னு 2019 நவம்பர்ல மாவட்டம் பிரிஞ்சதுல இருந்து கேட்டுட்டு இருக்கோம். நானும் கேட்கிறேன். ஐம்பத்தைந்து கிலோமீட்டர் திருநெல்வேலிக்கு ஓடுற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா கட்டடம் மட்டும் வந்து, அதுலயும் மனநலம் ஒரு ஓரமா இருந்தா, கட்டப்பையில இன்னும் ரெண்டு ஸ்கேன் கூடும், அவ்வளவுதான்.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. மனநல மருத்துவம் தனிப் பாடம், தனித் தேர்வு. எழுத்துத்தாளைவிட முக்கியம் செய்முறை: ஒரு நோயாளியோட இருபது நிமிஷம், அவங்க ஊர்த் தமிழ்ல, தேர்வாளர் முன்னால பேசணும். தூக்கம், பசி, குடி, சாவு எண்ணம் நாலையும் கேட்கலைன்னா ஃபெயில். நச்சு மருந்து குடிச்சு வர்ற எவரையும் மனநலப் பிரிவு பார்க்காம டிஸ்சார்ஜ் பண்ணக்கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு. கூட, கோயில்லயும் தர்காவுலயும் போய் உட்கார்ற மனநலக் குழு. ஏர்வாடியில அந்தத் தீவிபத்துக்கு அப்புறம் தர்காவுக்கு வர்றவங்களுக்கு மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து கிடைக்கிற ஏற்பாடு வந்திருக்கு. அது சங்கரன்கோவிலுக்கும் பொட்டல்புதூருக்கும் வரட்டுமே. 28 பேர் சாகிற வரைக்கும் காத்திருக்கவா?

அருவி வீடியோ போடுற டாக்டர் நண்பர்களே, அடுத்த தடவை கமெண்ட் போடுறதுக்கு முன்னால உங்க கிளினிக்ல இன்னைக்கு அல்பிரசோலம் எழுதின சீட்டு எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

பொதுமக்களுக்கு. 'கீழ்ப்பாக்கம்'னு சினிமா பார்த்துக் கிண்டல் பண்றதை விட்டுடுங்க. 1794-ல் சென்னையில தொடங்கின மருத்துவமனை அது. எத்தனையோ பேர் குணமாகி வீடு திரும்பியிருக்காங்க. எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வந்த பிறகும் உடம்பு ஒரு மாதிரியாவே இருந்தா, டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க: தூக்கம் இப்படி, மனசு இப்படி, சாகலாம்னு நினைப்பு வருது. தூக்க மாத்திரை எழுதினா எத்தனை நாளைக்குன்னு கேளுங்க. ஏற்கெனவே மாசக்கணக்கா சாப்பிடுறவங்க படக்குன்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வரலாம், டாக்டர் சொல்றபடி மெதுவாக் குறைக்கணும். தினமும் குடிக்கிறவர் வீட்டுல திடீர்னு நிறுத்தி நடுக்கமோ உளறலோ வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. அருவிக்கும் கோயிலுக்கும் போறவங்க போங்க, கூட்டிட்டுப் போறவரோட சம்மதத்தோட போங்க, மாத்திரையை நிறுத்தாம போங்க.

வீட்டுல பூச்சி மருந்து இருந்தா பூட்டி வச்சு, சாவி ஒருத்தர்கிட்ட இருக்கட்டும்.

கமெண்ட்ல 'யார்கிட்ட பேச'ன்னு கேட்பீங்க. டெலி மானஸ் 14416, இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாடு அரசோட 104-லயும் பேசலாம். உங்க மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு எந்த அறைன்னு இப்பவே விசாரிச்சு வச்சுக்கோங்க. ஓ.பி. சீட்டு போடுற இடத்துல 'மனநலம்'னு சத்தமாச் சொல்லுங்க.